நீல மூடி மருந்தும் என் மகளின் பூஞ்சையும்

அன்பு மகள் பர்வீனுக்கு, அத்தா எழுதுவது. ஸலாம். உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் "அத்தா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்கிறாய். நீயே ஒருமுறை வாய்தவறிச் சொன்னாய். பெற்ற தகப்பன் குரல் முட்டையிட்ட கோழி மாதிரி உன் காதில் விழுவதில் எனக்குச் சம்மதமில்லை. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை நம் கூத்தாநல்லூர் கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். சம்பாப் பயிர் கதிருக்கு முன் வருகிற கண்ணாடி இலை தள்ளி நிற்கிறது. இனிக் கதிர் வெளியே வரும், பனியும் இறங்கும், குலைநோய்ப் பூஞ்சை கதிரின் கழுத்தைப் பிடிக்கிற நேரமும் அதுதான். அந்தக் கூட்டத்தில் பேச உன்னைக் கூப்பிட்டதற்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டாயாம். லீவு இல்லாத பெண் போன மாதம் தோழி கல்யாணத்துக்கு மைசூர் போய்வந்தது எனக்குத் தெரியும். உண்மைக் காரணத்தை நீ உன் அம்மாவிடம் மட்டும் சொல்லி, அத்தாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். அவளிடம் சொன்னது சோறு வடிப்பதற்குள் என்னிடம் வந்துவிடும் என்பதைக்கூட அறியாமல் நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாயோ. "அத்தா கடை வச்சிருக்கிற ஊர்லயே நின்னுக்கிட்டு, அத்தா விக்கிற மருந்து வேலை செய்யாதுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்" என்று கேட்டாயாம். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும். கடைக்காரன் எவனும் கேட்ட பொருளை நேராக எடுத்துக் கொடுத்ததில்லை.

உனக்குப் பூஞ்சையின்மேல் எப்படி ஆசை வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் வீட்டில் பூஞ்சணம் என்றால் அடைமழைக் காலத்தில் செருப்பிலும் ஊறுகாய் ஜாடியிலும் பூத்து உன் அம்மாவிடம் திட்டு வாங்குகிற சமாசாரம். அதை வளர்ப்பதற்கு ஒரு படிப்பு, படிப்புக்கு ஒரு பட்டம், பட்டத்தின்மேல் இன்னொரு பட்டம் என்று நீ சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எதுக்குங்க பெங்களூர் போவணும்? நம்ம பரண்ல ஏறி உக்காந்து படிக்கச் சொல்லுங்க" என்றாள். அதிராம்பட்டினத்திலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு டாக்டராமே, எங்க பிராக்டிஸ் பண்ணுது?" என்று கேட்டார். நெல்லுக்கு வருகிற நோயைப் பற்றிப் படித்த டாக்டர் என்றேன். "நெல்லுக்கு டாக்டர்னா, நெல்லு வந்து ஃபீஸ் குடுக்குமா?" என்றார். நான் மரபணு என்று ஆரம்பித்தேன். அவர்கள் சமோசாவைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பையன் வந்ததிலிருந்து போகிறவரை செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது உனக்குக் கூச்சமாக இருக்கிறதாம். நான் பொய்யா சொல்கிறேன்? நம் பக்கத்தில் வயலில் நோய் கண்டால் யாரும் பயிரைப் பார்க்க ஆபீசரை அழைப்பதில்லை. ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக நம் உரக்கடைக்கு வருவார்கள். "பாய், இத கொஞ்சம் பாருங்க." நான் நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்கி, இலையை வெளிச்சத்தில் பிடித்து, "ம்" என்பேன். அந்த "ம்" சொன்னாலே பாதி வைத்தியம் முடிந்துவிடும். மீதிப் பாதி, அலமாரியில் இருக்கும் நீல மூடி பாட்டில். ஒருதடவை லீவில் வந்த நீ கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். சாயங்காலம் நான் அன்றைக்கு வந்த இலைகளையெல்லாம் கூட்டித் தள்ளப் போனபோது வைரத்தைக் குப்பையில் போடுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். "அத்தா, இனிமே ஒரு இலையக்கூட தூக்கிப் போடாதீங்க. காகிதக் கவர்ல போட்டு, எந்த ஊருன்னு எழுதி எனக்கு அனுப்புங்க. பிளாஸ்டிக் வேணாம், வேர்த்துப் போவும்."

காகிதக் கவருக்கு நம் கடையில் என்ன பஞ்சம்? வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அத்தனையும் நமக்குத்தானே முதலில் வருகிறது. பத்திரிகையைப் பரணில் போட்டுவிட்டுக் கவரில் இலையை வைத்தேன். பிள்ளையார் போட்டது, பிறை போட்டது, சிலுவை போட்டது எல்லாம் சேர்ந்து கூரியரில் பெங்களூர் வந்தது. உன் மேஜையில் திருமண அழைப்பிதழ் என்று தங்க எழுத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு உன் பேராசிரியர் உனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார் என்று நீ சொல்லிச் சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை. "அந்த மனுசன் வாயாலயாவது நடக்கட்டும்" என்றாள்.

அடுத்து நடந்ததை நீ எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறாய். ஆனால் என் பக்கத்து நியாயத்தை ஒருநாளும் சொன்னதில்லை. நோய் பிடித்த இலையை அப்படியே பஸ்ஸில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. போகிற வழியெல்லாம் வயல். நம் ஊர் நோய் யார் பயிரிலாவது போய் விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? அதனால் வாளியில் நீல மூடி மருந்தைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இலையையும் தண்டோடு முக்கி எடுத்து, கடைக்குப் பின்னால் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, அதன்பிறகே கவரில் போட்டேன். கழுவிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரிதான் அனுப்பினேன். முதலில் போன கவர்களிலிருந்து உன் ஆய்வுக்கூடத் தட்டுகளில் பூஞ்சை எதுவும் முளைக்கவில்லை. "டெல்டாவுல குலைநோயே இல்லையா அத்தா?" என்று நீ குழம்பிப்போய்க் கேட்டபோது, எல்லாம் நம் கடை மருந்தின் மகிமை என்று பெருமையாக வேறு சொன்னேன்.

பிறகு ஒருநாள் கடை நேரத்தில் கூப்பிட்டாய். ஆற்றுக்குத் தெற்கே இருந்து வந்த கவர்களில் மட்டும் பூஞ்சை முளைத்திருக்கிறது, மற்றதெல்லாம் செத்துக் கிடக்கிறது, இலைகளை என்ன செய்தீர்கள் என்றாய். சொன்னேன். "எல்லா இலையையுமா முக்குனீங்க?" என்றாய். "ஒண்ணு விடாம. நான் என்ன அரைகுறையா வேலை பாக்குறவனா?" என்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ரெண்டு பேருக்கு யூரியா போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தேன். நீ லைனிலேயே இருந்தாய். "அத்தா, அதுல முக்கினப்புறமும் இது வளருது" என்றாய், மிக மெதுவாக. உன் குரலில் பயமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தது. அன்றைக்கு நீ மீட்டிங் என்று சொல்லவில்லை. அடுத்த வாரமே ஊருக்கு வந்து வயல் வயலாக நடந்து நீயே இலை கிள்ளினாய். என்னை வரப்பைத் தாண்டவிடவில்லை.

நீ கண்டுபிடித்தது எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான். பூஞ்சை மூச்சு விடுகிற இடத்தில் மருந்து போய் உட்கார்ந்து மூச்சை அடைக்கும். அந்த இடத்தை உண்டாக்குகிற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. ஜன்னல் வழியாக யாரோ துண்டு போட்டுவிட்ட பஸ் சீட் மாதிரி, மருந்து வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. பூஞ்சை பாட்டுக்கு ஜம்மென்று மூச்சு விட்டுக்கொண்டு பயிரைத் தின்கிறது. அந்த எழுத்து மாறியிருக்கிறதா என்று ஒரு துண்டு இலையை வைத்தே சொல்லிவிடுகிற சோதனையை நீ உண்டாக்கினாய். எங்கெங்கோ நெல் விளைகிற நாட்டிலிருந்தெல்லாம் உனக்கு எழுதுகிறார்கள். வியட்நாமில் ஒருவர் உன் சோதனையைச் செய்து பார்த்து, மருந்தை மாற்றி, வயல் தப்பித்தது என்று எழுதியதை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். அன்று நான் அழுதேன். தும்மல் என்று சொன்னேன், நீயும் நம்புவதுபோல் நடித்தாய். உன் கட்டுரையின் கடைசியில், மாதிரிகளைத் திரட்டித் தந்த உள்ளூர் வியாபாரிக்கு நன்றி என்று போட்டிருந்தாய். உன் அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாருங்க அந்த வியாபாரி, நமக்குத் தெரிஞ்சவங்களா?" என்றாள்.

ஆனால் மகளே, உன் ஆராய்ச்சி வியட்நாம் வரைக்கும் போய்விட்டது. நம் ஊர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போகவில்லை. போன வருடம் என்னிடம் ரகசியமாக, "தெக்கால ஆளுங்களுக்கு நீல மூடி குடுக்காதீங்க அத்தா, காரணம் சொல்லாதீங்க, என் ஆராய்ச்சிப் பேப்பர் வந்துடட்டும்" என்றாய். நானும் கேட்டவர்களிடமெல்லாம் ஸ்டாக் இல்லை என்று சாதித்தேன். பாட்டில்களைச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். என்ன ஆயிற்று? அவர்கள் மன்னார்குடிக்கு பஸ் ஏறி, அதே மருந்தை வாங்கி வந்தார்கள். தெற்கே இருக்கிற கோவிந்தராசண்ணன் ஒருபடி மேலே போய், "பாய், ஒங்களுக்கு சப்ளை இல்லன்னீங்களே, கடைக்குத் தேவப்படுமேன்னு ஒங்களுக்கும் ரெண்டு வாங்கியாந்தேன்" என்று என் மேஜைமேலேயே வைத்தார். அதை நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாங்கினேன் என்று நீ யோசித்துப் பார். காரணம் சொல்லாமல் நல்லது செய்யப் பார்த்தால் இப்படித்தான் ஆகிறது.

பாங்காக் விஷயத்தையும் பேசிவிடலாம். நீல மூடி அதிகமாக விற்கிற கடைக்காரர்களைக் கம்பெனியில் குடும்பத்தோடு பாங்காக் கூட்டிப்போவார்கள், இந்த வருடம் நம் முறை என்று நான்தான் பீற்றிக்கொண்டேன். உன் அம்மாவும் சக்கரம் வைத்த ஊதாப் பெட்டி ஒன்று வாங்கி, வீட்டுக்குள்ளேயே உருட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் உனக்கு மனம் கனத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாங்காக்லயும் நெல்லுதான வெளையுது, அத இங்கயே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிக்குள் பழைய போர்வைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நீ வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். நாங்கள் அவ்வளவு சுலபத்தில் உடைகிறவர்கள் இல்லை.

உடைந்தவர் வேறொருவர். கோவிந்தராசண்ணனைத்தான் சொல்கிறேன். உனக்கு முதலில் முளைத்த பூஞ்சை அவர் வயல் இலையிலிருந்து வந்தது. அந்த வருடம் அவர் நம்மிடம் வாங்கி அடித்தார். நோய் நிற்கவில்லை. திரும்ப வந்து, "பாய், இன்னொரு தடவ அடிச்சா கேக்குமா?" என்றார். நான் வழக்கம்போல "ம்" என்றேன். அடித்தார். அறுப்புக்கு முன்னால் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கதிர்களெல்லாம் வெளுத்து நேராக நின்றன. மணி பிடித்த கதிர் தலைசாயும், பதருக்குச் சாய என்ன இருக்கிறது? என்னைத் திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். "மருந்து நல்ல மருந்துதான் பாய். நான் கலக்குனதுலதான் எங்கயோ தப்பு நடந்துருக்கும்" என்றார். அவர் அளவு மாறாமல் கலக்குகிறவர். தம்முடைய கையின்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் மருந்து கரைக்க மகனைக் கூப்பிடுகிறார். ஒரு பூஞ்சையின் உடம்பில் மாறிய ஓர் எழுத்துக்காக இந்த மனிதர் தம்மை நொந்துகொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவருக்கு அதைச் சொல்ல வேண்டியது நீ.

எப்படிப் பேசுவது என்றும் சொல்லிவிடுகிறேன், கல்லாவில் உட்கார்ந்து காலமெல்லாம் பேசியவன் என்ற உரிமையில். படம் போட்டுக் காட்டாதே. மண்டபத்தில் கரண்ட் போகும், ஜெனரேட்டர் சமையல்கட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். மரபணு என்று ஆரம்பிக்காதே. நான் ஆரம்பித்து ஒரு சம்பந்தத்தையே இழந்தவன். பஸ் சீட்டைச் சொல், என் பெயரைப் போட வேண்டாம். யாராவது எழுந்து, நீ உரக்கடை பாய் மகள்தானே என்பார்கள். ஆமாம் என்று சொல், தலை குனியாதே. மருந்தைத் திட்டாதே, போன காலத்தில் அது எத்தனையோ வயலைக் காத்திருக்கிறது. மருந்து மாறவில்லை, பூஞ்சைதான் மாறியது. அதை மட்டும் சொல். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடு. நம் ஜனங்கள் உண்மையைக் கேட்பார்கள், ஆனால் பிரியாணி ஆறிப்போவதைப் பொறுக்கமாட்டார்கள்.

இதுவரை எழுதியதை நேற்று முடித்துவிட்டேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வந்து, நீ பதில் யோசித்து, லீவு இல்லை என்று மறுபடியும் ஆரம்பிப்பாய். அதனால் இன்று காலை இதைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கடை முகப்புக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். உனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீல மூடி பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கட்டிவைத்தாயிற்று. இனி மறைக்க உன்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. ஊர் முழுக்கப் படித்துவிட்டது. ஒரே ஒரு சங்கடம், தன் முழங்காலைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன் என்று உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. இதுவரை மூன்று பேர் அவளுக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

பதினோரு மணி வாக்கில் கோவிந்தராசண்ணன் வந்தார். வண்டியை ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டபடியே வாய் முணுமுணுக்க முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தன்னைப் பற்றிய பகுதியை இரண்டுமுறை படித்தார் என்று நினைக்கிறேன். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப நான் கலக்குனது சரிதானா பாய்?" என்றார். சரிதாண்ணே என்றேன். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து மேஜையில் வைத்தார். இந்த வருடத்து இலை. அதில் ஒரு புள்ளி.

"சரி பாய், இந்தத் தடவ எதத்தான் அடிக்கிறது?" என்றார். எனக்கு "ம்" வரவில்லை. அவர் வயலில் இப்போது இருப்பது எது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று உன் சோதனைக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. சனிக்கிழமை என் மகள் வந்து பார்த்துச் சொல்வாள் என்றேன். "பாப்பா நெசமா வருதா?" என்று கேட்டார். வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். கையில் சரக்கு இல்லாமல் நான் ஒரு வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறிவிடு, ம்மா.